கொக்கியில் குடியேறிய முனி

தோட்டத்து லொறி சேற்றில் அச்சுவரை புதைந்துவிட்டது. பின்னால் டிரைவர் வீரமலையின் மனைவி சின்னாயி பிரசவ வலியில் துடித்தாள். ஆஸ்பத்திரிக்கு இன்னும் தலவாக்கலை வரை போக வேண்டும்.

“வின்ச் கொக்கிய இழுத்து அந்த மரத்துல மாட்டுங்கடா!” என்று மழையில் கத்தினான் வீரமலை.

கூட வந்த ஆட்கள் அசையவில்லை. லொறியின் முகப்பில் இருந்த, கம்பிவடம் இழுக்கும் வின்ச்சைச் சுற்றிக் காய்ந்த பூச்சரம். கொக்கி நிறையக் குங்குமம்.

“அதுல மெசினக் காக்குற ரோதை முனி குடியிருக்காருப்பா. தொட்டா சும்மா விடமாட்டாரு” என்றார் அவர்களோடு வந்த கங்காணி.

“முனியுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல! ரெண்டு கொக்கி களவு போயிருச்சு. இன்னொண்ணு போனா தோட்டத்துத் தொரை என்னைய வெரட்டிருவாரு. அதான் நானே குங்குமத்தப் பூசி, நானே சாமி வந்த மாதிரி ஆடினேன்!”

“பாவம், பொண்டாட்டி வலியப் பாத்துப் புத்தி கலங்கிருச்சு” என்று கங்காணி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“தள்ளுங்க, நானே இழுக்கிறேன்!”

வீரமலை கொக்கியை நோக்கிப் பாய்ந்தான். அதே நேரம் சின்னாயி வீறிட்டு அலறினாள்.

கொக்கியைத் தொடப்போன கை அப்படியே நின்றது.

“கங்காணியாரே...” அவன் திரும்பினான். “யாருகிட்டயாச்சும் ஒரு தேங்கா இருக்குமா?”