ஒன்பது கிடங்கு

ஷெல் துண்டுகளைத் தேடியெடுத்துப் போரின் நினைவைச் சிற்பமாக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு, கனடாவிலிருந்து வந்த நிரோஜன் உலோகம் கண்டுபிடிக்கும் கருவியோடு மண்டைதீவில் பரராசசிங்கத்தின் காணிக்குள் இறங்கினான்.

"தம்பி, தொண்ணூறிலை நான் இதிலைதான்…" என்று தொடங்கினார் அவர்.

"கதை வேண்டாம் ஐயா. மண் பேசட்டும்."

பரராசசிங்கம் ஒரு கணம் யோசித்தார்.

"அப்ப இதிலை வைச்சுப் பாரும்," என்று காலை ஊன்றிக் காட்டினார். கருவி வீரிட்டது.

"மண் அழுகுது ஐயா!" நிரோஜன் கண்கலங்கி, இடுப்பளவு ஆழத்துக்குக் கிடங்கு தோண்டினான். ஒன்றுமில்லை.

அவர் இருபத்தைந்தடி தள்ளிப்போய் நின்றார். அங்கும் வீரிட்டது. அங்கும் ஒன்றுமில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம், நேர்வரிசையில் கிடந்த ஒன்பது வெறுங்கிடங்குகளையும் படமெடுத்து, 'இன்மையின் சாட்சி' என்று பெயரும் வைத்துக்கொண்டு அவன் புறப்பட்டான்.

"நாகபூசணி, அந்தத் தென்னம்பிள்ளையளைக் கொண்டு வாரும்!" என்று பரராசசிங்கம் மனைவியைக் கூப்பிட்டார்.

"என்னப்பா, உங்கட காலுக்குள்ள ஷெல் பீஸ் கிடக்கிறதைப் பெடியனுக்குச் சொல்லேல்லையோ?"

"அவன் மண்ணட்டைத்தானே கேட்டவன். என்னட்டைக் கேக்கேல்லையே."