முதலெழுத்து

"அப்பா, மேசையைத் துடைச்சது நீங்கள்தானே? என்ரை சாவி எங்கை?"

"அலுமாரிச் சாவி அங்கை ஆணியிலை தொங்குது. வேறை என்ன சாவி எனக்குத் தெரியும்?" துடைத்த துணியும் கையுமாகச் சண்முகநாதன் மகளின் குரலுக்கு மேலால் கத்தினார். பாதிக் கொக்குவிலுக்குக் கேட்டிருக்கும்; மிச்சப் பாதி பிறகு விசாரித்து அறிந்துகொண்டது.

அடுப்படியில் நின்ற பராசக்திக்கு வியர்த்தது. சாவி கறித்தூள் போத்தலுக்குள், பொலித்தீன் சொப்பின் பையில் சுற்றியபடி கிடந்தது. விடியவே மகளின் கைப்பையைத் துழாவி எடுத்து ஒளித்தவர் அவர்தான்.

வேறு என்ன செய்வது? இன்றைக்குப் பெண் பார்க்கச் சுவிஸ் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். உதயகலாவோ கொழும்புக் கொம்பனி வேலையை வீட்டிலிருந்து செய்கிறவள். கணினிக்கு முன்னால் குந்தினால் எழும்பமாட்டாள். சாவி இல்லையென்றால் ஒரு நாளைக்காவது பொம்பிளையாக இருப்பாள் என்பது தாயின் திட்டம்.

"அது பூட்டுச் சாவி இல்லையப்பா. கொம்பியூட்டரிலை செருகித் தொட்டால் எழுத்துக் கொட்டும். ஒவ்வொரு சாவிக்கும் முன்னுக்கு வாற எழுத்து எப்பவும் ஒண்டுதான், எங்கடை இனிசியல் மாதிரி. மிச்சம் ஒவ்வொருக்காலும் மாறும். அதை இணையத்திலை ஒரு சேவை சரிபாத்துத்தான் என்னை உள்ளுக்கு விடும். இண்டைக்கு நான் போகாட்டி வேலையாலை நிப்பாட்டிப் போடுவினம்."

"புத்தூரிலை விட்டிட்டு வந்தியோ?" என்றார் தகப்பன். நேற்று முழுக்க அங்கே சிநேகிதி ஆரணி வீட்டில் இருந்து வேலை செய்ததாக அவள் சொல்லியிருந்தாள்.

"இல்லை. கைப்பையிலை வைச்சனான்."

மதிலுக்கு அங்காலும் நிம்மதியில்லை. அதே கொம்பனியில் வேலை செய்யும் பக்கத்து வீட்டுக் கஜீபன் காலையிலிருந்து தொலைபேசியில் ஆருடனோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். "தொட்டுத் தொட்டுப் பாத்திட்டன், என்னை உள்ளுக்கு விடுதில்லை."

மகள் அழத் தொடங்கினாள். மனுசனோ செய்யாத குற்றத்துக்குக் குப்பை வாளியை முற்றத்தில் கொட்டி, குந்தியிருந்து கிளறினார். அதைத்தான் பராசக்தியால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"நான்தான் பிள்ளை எடுத்தனான்." தூள் மணக்க மணக்கச் சாவியை நீட்டினார். தலை நிமிரவில்லை.

உதயகலா பறித்துச் செருகினாள், தொட்டாள். எழுத்துக் கொட்டியது. ஆனால் உள்ளே விடவில்லை.

"தூளுக்கை போட்டுப் பழுதாக்கிப் போட்டீங்களே அம்மா. என்ரை வேலை..." மகள் திரையைப் பார்த்தபடி பாதியில் நிறுத்திவிட்டாள்.

"என்ன பிள்ளை, இனிசியல் பிழையோ?" தகப்பன் கிண்டலாகத்தான் கேட்டார். உதயகலா திரையில் முன்னுக்கு விழுந்த எழுத்தைத் திரும்பப் பார்த்தாள்; அது அவளுடையது இல்லை.

மதிலுக்கு மேலால் கஜீபனின் தலை எழும்பியது.

"உதயா, நேற்றுப் புத்தூரிலை எங்கடை சாவி ரெண்டும் மாறிப்போச்சுது."

இப்போது அந்த வீட்டில் தலை குனிந்து நின்றது பராசக்தி இல்லை.

சுவிஸ் மாப்பிள்ளை உடுப்பிட்டியில் வேறொரு பெண்ணைக் கட்டிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மகளின் கலியாணத்துக்கு நாள் வைத்த அன்று பராசக்தி புருசனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"இஞ்சேருங்கோ, உந்த மதிலிலை போய்வர ஒரு படலை வைப்பமே?"