பாராவிங்கா, துடுப்பா?

"துடுப்புப் பலகை வேண்டவே வேண்டாம். பாராவிங்கே குடுங்கக்கா" என்றார் பல் டாக்டர், கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக.

"இவ்வளவு கயிறு தொங்குதே, கழுத்துல சிக்கினா?" என்றார் கூட வந்த மனைவி.

நான் கடல் விளையாட்டுச் சாமான் விற்கிறவள். எதையும் மறைக்காமல் சொல்லிவிடுவேன்.

"பலகைக்கு அடியில இறக்கை இருக்கு பாருங்க. வேகம் வந்ததும் ஆளைத் தண்ணிக்கு மேல தூக்கிடும். அப்புறம் காத்து போற பக்கமே அலையில சறுக்கிட்டுப் போகலாம். ஆனா முதல்ல அந்த வேகம் வரணுமே! துடுப்புன்னா நீங்களே வலிக்கணும், தோள்பட்டை கழண்டுடும். பாராவிங் கைக்கு அடக்கமான பாராசூட். காத்தே இழுத்துவிடும். எழும்பினதும் சுருட்டி இடுப்புல செருகிக்கலாம்."

"திரும்பி வர்றது எப்படி?" என்றார் அந்தம்மா.

"பாராவிங்னா மறுபடி விரிச்சு, கிளம்பின இடத்துக்கே வந்துடலாம். துடுப்பால எதிர்க்காத்துல முடியாது. பத்து கிலோமீட்டர் தள்ளிக் கரையேறணும். அங்க யாராவது காரோட நிக்கணும்."

"அதான்கா விஷயமே!" டாக்டர் துள்ளினார். "எனக்கு யாரு கார் கொண்டு வருவா? இவளா? மூணு வருஷம் முன்னாடி நாய் குறுக்க வந்துதுன்னு விளக்குக் கம்பத்துல மோதினா. நாய்க்கும் ஒண்ணும் ஆகல, இவளுக்கும் ஒண்ணும் ஆகல. அன்னைக்குக் கீழ வெச்ச சாவிதான். இன்னைக்கும் ஆஸ்பத்திரி டூட்டிக்கு ரெண்டு பஸ் மாறிப் போறா."

அந்தம்மா முகம் சுண்டிப்போனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியாள் முன்னாடி பேசுகிற பேச்சா இது? பல் பிடுங்குகிறவருக்கு வாய் இவ்வளவு நீளமா!

"மெதுவா ஓட்டிப் பழகிக்கலாமே" என்றேன், அந்தம்மாவுக்குப் பரிந்து.

"நீங்க வேற! நர்ஸம்மா கை, ஆயிரம் பேருக்கு ஊசி போட்ட கை. ஸ்டீயரிங்கைக் கண்டா மட்டும் தந்தியடிக்கும். இவளை நம்பிக் கரையேறினேன்னா, பலகையைத் தலையில தூக்கிட்டு நடந்துதான் வீடு வந்து சேரணும்!"

கடையில் செருப்பு பார்த்துக்கொண்டிருந்த ரெண்டு பேர் பக்கென்று சிரித்துவிட்டார்கள்.

அவ்வளவுதான். அந்தம்மா பாராவிங்கை அவர் கையிலிருந்து பிடுங்கி மேஜையில் போட்டார்.

"துடுப்புப் பலகைக்கே பில் போடுங்க. இருக்கறதுலயே நீளமானதாப் பாத்துக் குடுங்க."

"அப்ப கார்?" என்றார் டாக்டர்.

"நான் வரேன். நீங்க கரையேறறதுக்கு முன்னாடி அங்க வந்து நிக்கறேனா இல்லையா பாருங்க. சாவியைக் குடுங்க!"

"இப்ப எதுக்கு?"

"குடுங்கன்னா!"

சாவியைப் பிடுங்கிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். ரெண்டு தடவை என்ஜின் அணைந்தது. மூன்றாவது தடவை கார் ஊர்ந்து ஊர்ந்து தெருமுனையில் திரும்பி மறைந்தது.

நான் டாக்டரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க, படிச்ச மனுஷன்தானே நீங்க? கட்டின பொண்டாட்டியை இப்படியா நாலு பேர் பாத்துச் சிரிக்க வைக்கிறது? கொஞ்சமாவது இது இருக்கா உங்களுக்கு?"

அவர் கதவோடு ஒட்டி நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். கார் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கடை வாசலில் கோணலாக நின்றது. அப்புறம்தான் அவருக்கு மூச்சே வந்தது. கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லாத் திட்டுங்கக்கா. இதுக்கு முன்னாடி மூணு கடையிலயும் இதே திட்டுதான் வாங்கினேன். இங்கதான் அவ சாவியைக் கேட்டா."