சுரப்பு

"மருந்தத் திருடறது வாட்ச்மேன் துளசிங்கம்தான், வேற யாரு? அவன் வீட்லயும் எருமை இருக்கு. நாளைக்கே போலீஸ்ல எழுதிக் குடுத்துடு" என்றான் தயாளன்.

படப்பையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும் வழி. அவன் மனைவி சாராள், மாட்டுக்கொட்டகை ஒன்றின் வெளியே, சாணிக் குப்பையில் கிடந்த கண்ணாடிக் குப்பியைக் குனிந்து எடுத்தாள்.

அவளுடைய மருந்து. பிரசவத்தில் ரத்தப்போக்கை நிறுத்தும் ஹார்மோன்; மாட்டுக்குப் போட்டால் பாலையும் இறக்கும். அதை இந்த நாட்டில் செயற்கையாகச் செய்யவே முடியாது என்று சிரித்தவர்கள், எண்பத்திரண்டாம் வருஷம் அவளுக்கு மாலை போட்டார்கள்.

இப்போது திருமுடிவாக்கத்தில் அவள் நடத்தும் சின்னக் கம்பெனியிலிருந்து அது பெட்டி பெட்டியாகக் காணாமல் போகிறது. போன வாரம் தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில், இந்த ஊசி ஸ்டாக் இல்லாமல், பிள்ளை பெற்ற கட்டிலிலேயே ஒருத்தி செத்தாள்.

"நீ போய் விசாரி. எனக்குச் சாணி நாத்தம் ஆகாது." தயாளன் வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டான்.

உள்ளே கொட்டகைக்காரி பச்சையம்மா எருமையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இந்த ஊசிய உனக்கு யார் குடுக்கறது?"

"பேரெல்லாம் தெரியாதும்மா. ஊசிக்காரர்னு கூப்புடுவோம். கன்னு செத்துப்பூட்ச்சு, மாடு மடியில கைவெக்க வுடல. இன்னா பண்ணச் சொல்ற? அவரு கொணாந்து குடுப்பாரு, வாங்கின கையோட போட்டுடுவேன்."

"துளசிங்கம்தானே அது?"

"அது யாரு?"

"பொய் சொல்லாதே. ஒருத்தி செத்துட்டா, தெரியுமா?"

"நான் இன்னாத்துக்கும்மா பொய் சொல்லப் போறேன்?"

வேலிக்கு வெளியிலிருந்து தயாளன் கத்தினான். "சாராள்! இன்னும் எவ்ளோ நேரம்? வா, போலாம்!"

எருமை காதை விடைத்தது. காம்புகளிலிருந்து பால் தானாகத் தரையில் சொட்டத் தொடங்கியது.

சாராள் அதையே பார்த்தாள். பிள்ளை அழும் சத்தம் கேட்டால் தாய்க்குப் பால் சுரக்கும். உடம்பே இதே ஹார்மோனைச் சுரக்கவிடும். ஆனால் இங்கே கன்று இல்லை.

"இப்பதான் ஊசி போட்டியா?"

"இன்னும் போடலியே." பச்சையம்மா ஓடிப்போய்ச் செம்பை எடுத்துவந்து மடிக்குக் கீழே பிடித்தாள். "அதான் ஊசிக்காரரு வாசல்ல வந்து கூவுறாரே! அவரு கொரலக் கேட்டாலே சொரந்துடும்மா."