சாயங்கால முகம்

"கண்ணாடி முன்னால ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் நிப்பீங்க?"

"அரை மணி நேரம் மேடம். சாயங்காலம் அம்மாவுக்கு வீடியோ கால் போடறதுக்கு முன்னாடி."

சுப்ரியா படிவத்தில் குறித்துக்கொண்டாள். கொச்சியில், மட்டாஞ்சேரியின் அந்தத் தோல் கிளினிக்கில், முகத்துக்கு ஊசி போட வருகிறவர் யாரானாலும் முதலில் அவளுடைய முப்பது கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். குறை முகத்திலா மனசிலா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. அவள் கையெழுத்துப் போடாமல் டாக்டர் ஊசியைத் தொடமாட்டார்.

எதிரே இசக்கிமுத்து உட்கார்ந்திருந்தான். பள்ளுருத்தியில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஒட்டிய கன்னம் உப்ப வேண்டுமாம். "பரோட்டா மாஸ்டருக்கு வந்த ஆசையைப் பாரேன்!" என்று ரிசப்ஷனில் சிரித்துத் தீர்த்திருந்தார்கள்.

"அந்த அரை மணி நேரம் என்ன செய்வீங்க?"

"கன்னத்தை உப்ப வச்சுப் பழகுவேன். ஆனா பேசப் பேச அமுங்கிப் போயிருது."

"காலையில பழக மாட்டீங்களா?"

"காலையிலயும் அம்மாகிட்ட பேசுவேன். அதுக்குக் கண்ணாடி வேண்டாம் மேடம்."

இதென்ன கிறுக்குப் பதில் என்று நினைத்தாலும் அதையும் எழுதிக்கொண்டாள்.

எப்படி வேண்டும் என்று காட்ட அவன் ஒரு போட்டோ கொண்டுவந்திருந்தான். மற்றவர்கள் சினிமா நடிகரைக் கொண்டுவருவார்கள். இதிலோ அதே மூக்கு, அதே புருவம். கன்னம் மட்டும் கொழுகொழுவென்று இருந்தது.

"எப்ப எடுத்தது?"

"போன ஓணத்துக்கு."

"ஒரு வருஷத்துல இப்படியா மெலியறது? சாப்பிடறதே இல்லையா?"

"நூறு பேருக்கு பரோட்டா போடறேன் மேடம். ரூமுக்கு வந்து தனியா உக்காந்தா ஒரு வாய் இறங்கமாட்டேங்குது."

அவளுக்குப் பாவமாக இருந்தது. இந்த ஊரில் வாய்விட்டுப் பேச அவனுக்கு ஒரு ஆள் இல்லை.

"கன்னத்தைக் குறை சொல்றது யாரு?"

"அம்மாதான். 'ஏம்ல இப்படி ஒடுங்கிப்போன? எதையோ மறைக்கியே'ன்னு ஒரே அழுகை. ஹார்ட் ஆபரேஷன் ஆன உடம்பு, அழவே கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. இந்த ஊசி ஒரு வருஷம் தாங்குமாமே? அது போதும். அதுக்குள்ள அம்மா தேறிருவா. கையெழுத்துப் போட்டுருங்க மேடம், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

சுப்ரியா பேனாவை மூடினாள்.

"அது சரிவராது, கேட்டீங்களா. அடுத்தவங்களுக்காக முகத்தை மாத்திக்கக் கூடாது. அந்தப் பழைய முகத்தை மறந்துடுங்க. இப்ப இருக்கற முகத்தை அம்மாகிட்ட தைரியமாக் காட்டுங்க."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் போன் அடித்தது. வீடியோ காலில் அம்மா.

பதறி எழுந்தவன் சுவர்ப் பக்கம் திரும்பி, மூச்சை இழுத்துக் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு எடுத்தான்.

"எலே துரை! மணி ஆறாச்சே, இன்னும் காணுமேன்னு நானே போட்டேன். முத்து எங்கல?"

"வேலைக்குப் போயிருக்காம்மா."

"ரெட்டைப் புள்ளையாப் பெத்தும், ரெண்டு பேரையும் ஒருநாள்கூட ஒண்ணாக் காட்ட மாட்டேங்கியளே!"

"ஷிப்ட் மாறி மாறி வருதும்மா. அவன் காலையில பேசுவான்."

போனை வைத்ததும் கன்னம் பழையபடி ஒட்டிக்கொண்டது. சுப்ரியா படிவத்தில் இருந்த பெயரை இன்னொரு தடவை படித்தாள். குழப்பமாக இருந்தது.

"முத்து நீங்கதானே? அப்ப துரை எங்கே?"

அவன் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே சொன்னான்.

"அவன் செத்தது அம்மாவுக்கு இன்னும் தெரியாது மேடம்."