டஃபிக்கு ஒழுக்கப் பாடம்

ஓய்வுபெற்ற வெண்டல், நாய்ப் பயிற்சியாளர் பெர்னிஸிடம் புகார்ப் பட்டியலை வாசித்தான்.

"சோபா பூரா சேறுங்க! மேஜையில கேக் மிஞ்சறதேயில்ல. எல்லாம் இந்த டஃபி வேலைதான்."

"உங்க பயிற்சிக்கும் திருந்தலேன்னா நாய்க் காப்பகத்துக்கே அனுப்பிடணும்," என்ற அவன் மனைவி லோர்னா, டஃபியின் தலையை வருடிக் கொடுத்தாள்.

பெர்னிஸ் அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கூடத்தில் கேமரா பொருத்தினாள். மறுவாரம் பெண்கள் இருவரும் அதன் பதிவைப் பார்த்தார்கள். அதில், லோர்னா வேலைக்குக் கிளம்பியதும், தோட்டத்துச் சேற்று பூட்ஸோடு சோபாவில் சாய்ந்து வெண்டல் கேக்கை விழுங்கினான். டஃபி வாசல் மிதியடியில் அடக்கமாகப் படுத்திருந்தது.

"டஃபிக்குச் சொல்லித்தர ஒண்ணுமில்லீங்க. நான் நாய்ங்களுக்கு மட்டுந்தான் கிளாஸ் எடுப்பேன்," என்று பெர்னிஸ் விடைபெற்றாள்.

லோர்னா டஃபியை வாரியெடுத்துச் சோபாவில் உட்கார வைத்தாள். பிறகு உரக்கக் கூப்பிட்டாள்.

"வெண்டல், இங்க வா! கீழ உட்காரு!"