சத்தமாகப் படித்த பெண்

"யாரும் யாரையும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கக் கூடாது. சலாம் கூடாது, சிரிப்புக் கூடாது. சும்மா மியூசியம் பார்க்க வந்தவங்க மாதிரி நடக்கணும்."

டிக்கெட் கவுன்டர் பக்கத்திலேயே சட்டம் போட்டுவிட்டார் தரகர் முகைதீன் பிச்சை.

வீட்டுக்கே போய்ப் பெண் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்னால், பெண்ணின் பெயர் கெட்டுப் போகும். அதனால் முதலில் எங்கேயாவது 'எதேச்சையாக'ப் பார்த்துக்கொள்வது. விளாங்குடி அப்சானாவை ஏற்கெனவே ஒரு ஜவுளிக் கடையிலும் ஒரு பொருட்காட்சியிலும் எதேச்சையாகப் பார்த்துவிட்டு இரண்டு வீட்டார் நழுவிவிட்டார்கள். இந்தத் தடவை அருங்காட்சியகம். கூட்டம் இருக்காது, ஃபேன் இருக்கும் என்பது பிச்சையின் யோசனை.

"பிடிச்சிருந்தா வெளிய வந்ததும் பொண்ணுக்கு சலாம் சொல்லுங்க. பிடிக்கலேன்னா பேசாம ஆட்டோல ஏறிருங்க. சரியா?"

மாப்பிள்ளை முகமது ஆசிப்புக்குத் தெற்குவாசலில் பாத்திரக் கடை. போட்டோவைப் பார்த்ததிலிருந்தே அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அம்மா லத்தீபா தலையாட்ட வேண்டும். லத்தீபாவோ எதற்கும் மகள் சனோபர் முகத்தைத்தான் பார்ப்பார்.

"பொண்ணு எம்.ஏ., பி.எட். அதோட அத்தா ஹெட்மாஸ்டரா இருந்தவராம். நம்மளக் கேவலமா நினைச்சிரக் கூடாது" என்று லத்தீபா கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

உள்ளே போனார்கள். எதிர்ப் பக்கத்திலிருந்து அப்சானா அவளுடைய அம்மாவோடு எதேச்சையாக வந்தாள்.

சனோபர் ஒரு கல் யானைக்குப் பின்னால் நின்றுகொண்டு பெண்ணின் உயரத்தை அளந்தாள். ஆசிப்புக்குப் பெண்ணை நேராகப் பார்க்கக் கூச்சம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பழைய பானைகளைப் பார்த்தான்.

"இம்புட்டுப் பானை இருக்கு, ஒண்ணுக்காவது மூடி இருக்கா பாருங்கக்கா."

லத்தீபா மட்டும் சுவரில் இருந்த பெரிய போர்டு முன்னால் நின்று, மேலிருந்து கீழ்வரை பார்த்து, "மாஷா அல்லா! அந்தக் காலத்து மனுசங்க மனுசங்கதான்" என்று தலையாட்டினார்.

பக்கத்தில் நின்ற இரண்டு காலேஜ் பையன்கள் களுக்கென்று சிரித்தார்கள்.

அப்சானா விறுவிறுவென்று வந்து அவர்களுக்கும் லத்தீபாவுக்கும் நடுவில் நின்றாள்.

"அம்மா, இங்க வாங்க! இது ரெண்டாயிரம் வருசத்துப் பானையாம். சோறாக்குன கரி இன்னும் ஒட்டியிருக்காம்!"

கூடம் முழுக்கக் கேட்டது. அவளுடைய அம்மா ஓடி வந்து கையைக் கிள்ளினாள்.

"வாயை மூடுடி. போன இடம் ரெண்டும் இந்த வாயாலதான போச்சு."

அப்சானா மூடவில்லை. லத்தீபா அடுத்த பெட்டிக்கு நகர்ந்தால் அவளும் நகர்ந்தாள். "இது யானைத் தந்தத்துல செஞ்ச சீப்பாம்." "இது போருக்குப் போன வாளாம், பிடி மட்டும் புதுசாம்." தூணுக்குப் பின்னாலிருந்து பிச்சை உதட்டில் விரலை வைத்து வைத்துக் காட்டினார். காவலரே வந்து, "மேடம், கொஞ்சம் மெதுவா" என்றார். "சாரி சார்" என்றவள், அரைச் சுருதி இறக்கி அடுத்த போர்டைப் படித்தாள்.

சனோபர் தம்பியின் காதைக் கடித்தாள். "பாத்தியா? ஹெட்மாஸ்டர் மக பள்ளிக்கூடம் நடத்துறா. நம்ம அம்மாவையே ஒட்டிக்கிட்டு நின்னு என்னா பந்தா! இவ வீட்டுக்கு வந்தா காலிங் பெல் அடிச்சாக்கூடக் கேட்காது."

"நல்லாத்தானக்கா படிக்குது..."

"நீ பானையப் பாரு."

வெளியே ஆட்டோ தயாராக நின்றது. அப்சானாவும் அவள் அம்மாவும் வேப்ப மரத்தடியில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி நின்றார்கள். பஸ் வராத இடம் அது. அம்மாக்காரிக்கு இப்போதே முகம் செத்துவிட்டது.

"ஏறும்மா. இந்த வாய்க்காரி நமக்குச் சரிப்பட மாட்டா" என்றாள் சனோபர்.

ஆசிப் பாவமாக அம்மாவைப் பார்த்தான். லத்தீபா ஏறவில்லை.

"சனோபரு, நான் முதல்ல நின்னேனே ஒரு பெரிய போர்டு, அதுல என்னா எழுதியிருந்துச்சு?"

"அதுவா? எச்சில் துப்பாதீங்க, எதையும் தொடாதீங்க, பிள்ளைகளைக் கையில பிடிச்சுக்கங்கன்னு இருந்துச்சு. ஏம்மா?"

"அதுக்கா நான் மாஷா அல்லா சொன்னேன்?"

லத்தீபா கண்ணாடியைக் கழற்றிக் கைப்பையில் போட்டார்.

"அந்தப் பயலுக சிரிச்சப்பவே எனக்கு உடம்பு கூசிப் போச்சு. எனக்கு எழுத்துத் தெரியாதுன்னு உங்க ரெண்டு பேருக்கும் தெரியும். நீ அவ உயரத்தை அளந்த. இவன் பானைக்கு மூடி தேடுனான்."

நேராக வேப்ப மரத்தடிக்குப் போனார். அப்சானாவின் அம்மா பதறி முக்காட்டைச் சரிசெய்தாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்று சொல்லி அப்சானாவின் கையைப் பிடித்துக்கொண்டார் லத்தீபா. "மாடியில இன்னொரு கூடம் இருக்காமே, வாம்மா, பாத்துட்டு வருவோம். இனிமே நீ சத்தம் போட்டுப் படிக்க வேணாம்த்தா. எனக்கு மட்டும் கேட்டாப் போதும்."